பழுப்புக் கோட்டுக்காரர் யார் வீட்டு விருந்தாளி?

அன்று வரவேற்பறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த நாற்காலிகள்தான் காரணம்.

ஜன்னல் ஓரம், காகிதப் பூச்சரம் சுற்றிய நாற்காலியில் அம்மா கெஸீனா. பிறந்தநாள் அவருக்குத்தான். அவருக்கு இடப்பக்கம், பெரிய சாய்வு நாற்காலியில் அம்மாவின் அண்ணன் வீபே மாமா. மாமாவுக்குப் பக்கத்தில் பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர். அவருக்கு அடுத்து எதிர்வீட்டு பொல்மன் அம்மா. அப்புறம் அப்பாவின் தங்கை ஹெஸ்தர் அத்தை. சமையலறை வாசலை ஒட்டி, காப்பிக் கெண்டிக்குக் காவலாக, அப்பா யுர்யன். மேசைக்கு அடியில் ஐந்து வயதுத் தம்பி மென்னோ. கதவோரம், ஒரு மர முக்காலியில், அந்த வீட்டு மகள், பத்து வயது ரென்ஸ்கே.

ரென்ஸ்கேயின் மடியில் பிஸ்கட் டப்பா இருந்தது. காப்பி ஊற்றியதும் டப்பாவைத் திறந்து வட்டமாக ஒரு சுற்றுக் கொண்டுபோவாள். ஆளுக்கு ஒன்று. சுற்று முடிந்ததும் மூடியை டப்பென்று மூடிவிடுவாள். அடுத்த காப்பிக்கு அடுத்த சுற்று. அந்த ஊரில் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பல் முளைக்கும்போதே இதுவும் தெரிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்தநாள் வீட்டுக்கு வருகிறவர், கொண்டாடுகிறவருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, "உங்க தங்கச்சி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்", "உங்க அம்மா பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாவிட்டால் வெறுமனே "வாழ்த்துகள்" என்றால் போதும். அதற்குப் பிறகு நாற்காலி கிடைக்கும், கேக் கிடைக்கும்.

பழுப்புக் கோட்டுக்காரர் வந்தபோதும் அப்படித்தான். தோட்டத்துப் பக்கக் கதவு வழியாக வந்தார். அங்கே எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். முன்கதவு தபால்காரருக்கு. வந்தவர் எல்லோருக்கும் கைகொடுத்தார், மேசைக்கு அடியில் குனிந்து மென்னோவுக்குக்கூடக் கொடுத்தார். அம்மாவிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

அம்மா பிரித்தார். உள்ளே ஒரு பெரிய பித்தளை மணி. ஆட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி.

அம்மாவிடம் ஆடு கிடையாது. இருந்தாலும் முகம் கோணாமல், "ரொம்ப நாளா இப்படி ஒண்ணு இல்லியேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். மணி அலமாரிமேல் ஏறியது. கோட்டுக்காரர் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது மாமாவின் விஷயத்துக்கு வருவோம்.

வீபே மாமா கால்வாய்ப் பாலத்தில் காவலாளியாக இருந்தவர். படகுக்காரர் மணி அடித்தால் எழுந்து ஓடுவார், வண்டிகளை நிறுத்துவார், பாலத்தைத் தூக்குவார். குளிர்காலத்தில் அவருடைய நுரையீரலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய்க் கட்டி. டாக்டர்கள் அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் எங்காவது மிச்சம் இருக்கலாம் என்று சொன்னார்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே மாமாவுக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் முன்பு மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவின் கோட்டுப் பையில் ஒரு கடிதம் இருந்தது. பெரிய நகரத்து மருத்துவமனை அனுப்பியது. புதிதாக ஒரு தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். மிச்சம் இருக்கும் துணுக்குகளை உடம்பே தேடிப் பிடிக்கும்படி செய்கிற ஊசி. மாமா சேரச் சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அன்று சனிக்கிழமை. பாலத்தடித் தபால் பெட்டியை ஐந்து மணிக்குத் திறந்து கடிதங்களை எடுத்துப்போய்விடுவார்கள்.

மாமா கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சிரித்த முகத்துடன் கேக் வெட்டினார். ஆனால் துண்டுகள் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லிசாகவும் விழுந்ததை ரென்ஸ்கே பார்த்தாள்.

ஹெஸ்தர் அத்தை அந்த ஊசியைச் செய்யும் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார். அவர் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். நானோ என்றார், துகள் என்றார், எதிர்ப்பொருள் என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொல்மன் அம்மாவின் புருவம் ஒரு படி மேலே ஏறியது. கடைசியில் அவர் தாழ்ந்த குரலில், இதெல்லாம் குட்டிக் குட்டி இயந்திரங்கள் என்றும், ரத்தத்துக்குள் நீந்துமென்றும், பிற்பாடு வெளியே வர மறுக்குமென்றும் சொன்னார். எங்கே கேள்விப்பட்டார் என்று கேட்டதற்கு, மீன் கடையில் என்றார்.

"இயந்திரம் இல்லைங்க, கொழுப்புக் குமிழி" என்றார் அத்தை. "ஒரு தலைமுடியோட குறுக்கே நூத்துக்கணக்குல வரிசையா நிக்க வைக்கலாம், அவ்வளவு சின்னது."

"கொழுப்புதானே வேணும்? அதுக்கு எதுக்கு ஊசி, நான் ரொட்டியில வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுக்கறேன்" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். பழுப்புக் கோட்டுக்காரரும் சிரித்தார்.

மாமா விடவில்லை. உடம்புக்குள் ஏற்கெனவே காவல் செல்கள் இருப்பதாகத் தானே படித்திருக்கிறாராம். கிருமி வந்தால் அவை பிடித்துவிடும். அப்படி இருக்க, திருடன் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவற்றின் கண்ணில் படாமலா போகும்?

"முப்பது வருஷம் பாலத்துல நின்னவன் நான்" என்றார். "ஒரு படகு, ஒரு தோணி, என் கண்ணுக்குத் தப்பிப் போனது கிடையாது. என் உடம்புல இருக்கற காவல்காரன் மட்டும் தூங்குவானா? என்ன சார் சொல்றீங்க?"

கடைசிக் கேள்வி பக்கத்து நாற்காலிக்கு. பழுப்புக் கோட்டுக்காரர், "சரியாச் சொன்னீங்க" என்றார்.

இரண்டாவது காப்பி வந்தது. ரென்ஸ்கே டப்பாவோடு கிளம்பினாள். அம்மா ஒன்று எடுத்தார். மாமா ஒன்று. பழுப்புக் கோட்டுக்காரர் இரண்டு.

ரென்ஸ்கே அப்படியே நின்றுவிட்டாள்.

சொந்தக்காரர் யாரும் இரண்டு எடுக்க மாட்டார்கள். எடுத்தால் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அவள் மூடியை மூடப் போனாள். அதற்குள் அவர் கை மறுபடி நீண்டது. மூன்று! முதல் சுற்றிலும் கேக்கை அவர் இரண்டு தடவை வாங்கியது இப்போது ஞாபகம் வந்தது.

'யார் இவர்?'

காப்பிக் கெண்டியை நிரப்ப அப்பா எழுந்தபோது பின்னாலேயே போய்க் கேட்டாள். அம்மாவோடு வேலை பார்ப்பவராக இருக்கும் என்றார் அப்பா. அம்மாவின் காதில் கேட்டாள். அப்பாவின் பாட்டுக் குழுவில் கட்டைக் குரலில் பாடுபவராக இருக்குமாம். ஹெஸ்தர் அத்தை, பொல்மன் அம்மாவின் மருமகன் என்றே நினைத்திருந்தார். பொல்மன் அம்மாவோ, அத்தையின் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி என்று உறுதியாகச் சொன்னார். நகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

ஆக, அவர் எல்லோருக்கும் தெரிந்தவர். யாருக்கும் தெரியாதவர்.

நேரே போய், "நீங்க யாரு?" என்று கேட்டுவிடலாம். ஆனால் நிறைந்த சபையில் ஒரு பெரியவரை அப்படிக் கேட்டால் அவர் முகம் என்ன ஆகும்? ரென்ஸ்கேக்கு ஒருமுறை வேறு வகுப்பில் தவறிப்போய் உட்கார்ந்த அனுபவம் உண்டு. கணக்குப் பாடம் பாதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்று எல்லோரும் திரும்பிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.

அவள் ஒரு காகிதத் துடைப்பானில் அவரை வரைந்தாள். நீண்ட மூக்கு, பழுப்புக் கோட்டு, கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் மாட்டாமல் இருக்கப் போட்டிருந்த கவ்வி, எல்லாம். அதைப் பார்த்தாவது யோசிக்கட்டும் என்று பொல்மன் அம்மாவிடம் நீட்டினாள். அவர், "அடடே, எவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, படத்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் மென்னோ நாற்காலிமேல் ஏறி, அலமாரியிலிருந்த ஆட்டு மணியை எடுத்து ஆட்டினான். டாண், டாண். மாமா சட்டென்று எழுந்து நின்றார். பாட்டுப் பாடும் நேரம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிறந்தநாள் பாட்டை, கையை உயரத் தூக்கித் தூக்கி, இரண்டாம் முறையாக முழுவதும் பாடினார்கள். யாரைவிடவும் சத்தமாகப் பாடியவர் பழுப்புக் கோட்டுக்காரர்தான். கட்டைக் குரல் என்று அம்மா சொன்னது பொய்யில்லை.

ரென்ஸ்கே படத்தையும் மணியையும் மீட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அம்மா கோப்பை கழுவ, அப்பா துடைக்க, ஹெஸ்தர் அத்தை ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அத்தையின் மூக்கு சிவந்திருந்தது.

"எனக்குச் சொல்லத் தெரியலை அண்ணி" என்றார் அத்தை. "ஆய்வுக்கூடத்துல எல்லாருக்கும் புரியுது. வீட்டுல ஒருத்தருக்கும் புரியலை."

"அத்தை" என்றாள் ரென்ஸ்கே. "மாமா கேட்டது சரிதானே? காவல் செல்லுங்க ஏன் அந்தத் துணுக்கைப் பிடிக்க மாட்டேங்குது?"

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கிருமின்னா வெளியாளு. பார்த்ததும் தெரிஞ்சுடும். இது மாமா உடம்புலயே பிறந்ததுடா. பார்க்க வீட்டு ஆளு மாதிரியே இருக்கும். காவல் செல் கிட்ட வந்தா, கைகுடுத்து, நானும் இந்த வீட்டு ஆளுதான்னு சொல்லிடும். அதுவும் நம்பி விட்டுடும்."

ரென்ஸ்கே மெல்லத் திரும்பி வரவேற்பறையைப் பார்த்தாள்.

"உள்ள உட்கார்ந்துக்கிட்டு, பங்குக்கு மேல சாப்பிடுமா அத்தை?"

"சாப்பிடும். அதனாலதான் வளருது."

"அப்ப உங்க குமிழி என்ன பண்ணும்?"

"கட்டியோட அடையாளம் ஒரு துண்டு, கூடவே ஒரு அபாய மணி, ரெண்டையும் சேர்த்து உள்ள வெச்சுக் கொண்டுபோகும். தனித்தனியா அனுப்பிப் பார்த்தாச்சு. அடையாளத்தை மட்டும் அனுப்பினா, பார்த்துட்டு யாரும் கண்டுக்கறதில்லை. மணி மட்டும் அடிச்சா எதுக்குன்னு தெரியாம எல்லாம் குழம்பிடும். ரெண்டும் ஒண்ணா, காவல் செல்லுங்க கூடற இடத்துக்குப் போகணும். காய்ச்சல் வந்தா உனக்குக் கழுத்துல நெறி கட்டுமே, அந்த மாதிரி இடத்துக்கு."

ரென்ஸ்கே கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். சமையலறையைப் பார்த்தாள். பேச்சுக் குரல் கேட்டதால் பொல்மன் அம்மாவும் அதற்குள் அங்கே வந்துவிட்டார். பேச்சு நடக்கும் இடத்தில் அவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அதற்கும் வழி இருந்தது.

ரென்ஸ்கே படத்தை மேலே தூக்கிப் பிடித்தாள். மறு கையால் மணியை ஓங்கி அடித்தாள்.

வரவேற்பறையில் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. மணி அடித்தால் எழுந்துவிடுவது மாமாவின் உடம்பில் ஊறிப்போன பழக்கம். "என்ன, எந்தப் படகு?" என்று கேட்டபடி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இந்தப் படகுதான்" என்றாள் ரென்ஸ்கே. "இவர் யார் வீட்டு விருந்தாளி? நம்மள்ல யாருக்காவது தெரியுமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை பொல்மன் அம்மாவைப் பார்த்தார். பொல்மன் அம்மா பார்ப்பதற்கு ஆளில்லாமல் அடுப்பைப் பார்த்தார்.

"உங்க பாட்டுக் குழு இல்லையா?" என்றார் அம்மா.

"உன் ஆபீஸ் இல்லையா?" என்றார் அப்பா.

மாமாவின் முகம்தான் பார்க்க வேண்டியதாக இருந்தது. "என் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு" என்றார். "ரெண்டு மணி நேரமா. சட்டையைத் தூக்கித் தையலைக்கூடக் காட்டினேனே..."

"உங்க கண்ணுக்கு எப்படித் தப்பினார் மாமா?"

"கைகுடுத்தாரு. வாழ்த்துகள்னாரு. கைகுடுத்து வாழ்த்துச் சொல்றவரை யாரு போய்..."

மாமா பாதியில் நிறுத்தினார்.

"உங்க காவல்காரங்களைக் கேட்டா அவங்களும் இதையேதான் சொல்லுவாங்க" என்றாள் ரென்ஸ்கே.

ஹெஸ்தர் அத்தைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கும் துணியை வாயில் அடைத்துக்கொண்டார். பொல்மன் அம்மாவோ, அந்த ஆள்மேல் தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் என்றார்.

"யாரும் வராதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ரென்ஸ்கே டப்பாவோடு வரவேற்பறைக்குப் போனாள். போகிற வழியில் யோசித்தாள். ஆட்டு மணி. ஆடு யாரிடம் இருக்கிறது? போன மாதம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களிடம். தோட்டத்தில் மூன்று ஆடு. அவர்கள் வீட்டு ஜன்னலிலும் காலையில் காகிதத் தோரணம் தொங்கியது. பின்சந்தில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே பச்சை நிறம். எண்ணும் கிடையாது.

அவள் டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் ஒன்று எடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பக்கத்து வீட்டு ஹார்ம் உங்க சிநேகிதரா?" என்றாள்.

"ஆமாம்மா. பனிச்சறுக்கு மன்றத்துல பழக்கம். அவன் மனைவியை இன்னிக்குத்தான் முதல்முறையா..." அவர் சட்டென்று நிறுத்தினார். "பக்கத்து வீடா?"

அவருடைய மூக்கிலிருந்து காதுவரை சிவப்பு பரவியது. ஹார்ம் எப்போது வருவான், எப்போது வருவான் என்று காத்திருந்தாராம். கேக் வாங்கி வர வெளியே போயிருப்பான் என்று நினைத்தாராம். காத்திருக்கும்போது பதற்றத்தில் தனக்கு வாய் சும்மா இருக்காது என்றும் சொன்னார்.

"தபால்காரரே ரெண்டு தடவை மாறிப் போயிருக்காரு" என்றாள் ரென்ஸ்கே. அது உண்மையில்லை. ஆனால் அவருடைய காது கொஞ்சம் வெளுத்தது.

அவர் பெயர் ஏல்கோ. அவரைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்த கேக்கையும் அந்த மணியையும் எடுத்துக்கொண்டு எல்லோருமே பின்சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் ஒரு வட்டம். எல்லோருக்கும் எல்லோரும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அங்கே இருந்தவர்களில் ஒருவர் மாமாவிடம், நீங்கள் ஹார்முக்குச் சித்தப்பாதானே என்று கேட்டார். மாமா அவசரமாகத் தன் முழுப் பெயரையும் முகவரியையும் சொன்னார். மணி கடைசியில் ஒரு வெள்ளாட்டின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்ததும் மாமா சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. மேசையருகே போய், கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார்.

"ஹெஸ்தர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஊசி நிச்சயமா வேலை செய்யுமா?"

அம்மா பூச்சரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியாதுண்ணே" என்றார் அத்தை. "செய்யும்னு நெனைக்கறோம். தெரிஞ்சா எதுக்குச் சோதனை? ஆனா ஒவ்வொரு வாரமும் நான் உங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

மாமா பேனாவுக்குக் கை நீட்டினார். "மீன் கடையில எல்லாருக்கும் எல்லாம் நிச்சயமாத் தெரியுது. நீ ஒருத்திதான் தெரியாதுங்கற. உன்னை நம்பலாம்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பாலத்துப் பதிவேட்டில் போடுவது மாதிரி அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அம்மா டப்பாவைத் திறந்து அண்ணனுக்கு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

"ரென்ஸ்கே, அந்தப் படத்தைக் குடு" என்றார் மாமா. துடைப்பானை நீவி மடிப்பை எடுத்தார். படத்துக்குக் கீழே ஏதோ எழுதி, கடிதத்தோடு சேர்த்து உறைக்குள் வைத்தார். என்ன எழுதினார் என்று ரென்ஸ்கே எட்டிப் பார்த்துவிட்டாள்.

'மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, இந்த மாதிரி ஆசாமி யாராவது என் உள்ளே கைகொடுத்துக்கொண்டு திரிந்தால் என் காவல்காரர்களிடம் காட்டிக்கொடுக்கவும். இவருக்குக் கேக் கொடுத்து வழியனுப்பினோம். உள்ளே இருக்கிறவருக்கு அதுவும் கிடையாது. இப்படிக்கு, வீபே.'

மாமா உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். மீசையிலிருந்த கேக் கிரீமும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பிரிக்க டாக்டருக்குக் கத்தி வேண்டியிருக்கும்.

ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. மாமாவும் ரென்ஸ்கேயும் பாலத்தடிக்கு மெதுவாக நடந்தார்கள். மாமா மூச்சு வாங்க நின்ற இடத்தில் ரென்ஸ்கேயும் நின்று, கால்வாய் வாத்துகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஆரஞ்சு நிறத் தபால் பெட்டியில் இரண்டு வாய். ஒன்று உள்ளூருக்கு, இன்னொன்று வெளியூருக்கு. மாமா உறையை முதல் வாயருகே கொண்டுபோனார்.

"மாமா, அது உள்ளூர்" என்றாள் ரென்ஸ்கே.

"தெரியும், தெரியும். நீ கவனிக்கறியான்னு பார்த்தேன்" என்றார் அந்தப் பாலத்துக் காவல்காரர்.

உறையை மருமகளிடம் கொடுத்தார். அவள் கால் கட்டைவிரலில் எம்பி நின்று, சரியான வாயில், உள்ளே போட்டாள்.